இருபத்து மூன்றாவது ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த மூன்றாவது மாடி வீட்டின் அழைப்பு மணி அடித்தால், அடிப்பது லைட்டுக்கடைக்காரராகத்தான் இருக்கும். வேறு யாரும் அந்த மணியைத் தொடுவதில்லை. தபால்காரர் கீழேயே பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். சிலிண்டர்காரர் கதவைத் தட்டுவார். மணி மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. புதன்கிழமை சாயங்காலம் அக்கா போன் செய்வார். மற்றபடி அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டால் அது வானொலி.

அங்கே தனியாகக் குடியிருப்பவருக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தைந்து வருடம் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவராக இருந்தவர். அலுவலகத்தில் அவருக்கு ‘ஒற்றர்’ என்று பெயர். உளவு பார்த்து யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. நிருபர்கள் விழுங்கிவிடுகிற ஒற்றெழுத்துகளை, இங்கே ஒரு க், அங்கே ஒரு ப் என்று தேடிப் பிடித்துப் போடுவது அவர் பிழைப்பு. “ஒற்றர் கண்ணுல மண்ணைத் தூவிட்டு ஒரு புள்ளி தப்ப முடியாது” என்று செய்தி ஆசிரியர் சொல்வார். அது பாராட்டா கிண்டலா என்பது கடைசி வரை தெரியவில்லை.

மனைவியும் அதே அறையில்தான் வேலை பார்த்தார். காப்பி ஹோல்டர். கையெழுத்துப் பிரதியை அவர் உரக்கப் படிப்பார். இவர் அச்செடுத்த தாளில் கண்ணை ஓட்டிக்கொண்டே வருவார். அந்த வேலையில் சொற்களைப் படித்தால் மட்டும் போதாது, குறிகளையும் படிக்க வேண்டும். “அமைச்சர் காற்புள்ளி அதிகாரிகள் காற்புள்ளி பொதுமக்கள் முற்றுப்புள்ளி.” ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இப்படி. “நீங்க காற்புள்ளி சொல்றப்ப லேசா மூச்சு வாங்குறீங்க, கேக்க நல்லா இருக்கு” என்பதுதான் வேலைக்கு வெளியே இவர் அவரிடம் பேசிய முதல் வாக்கியம். கல்யாணத்துக்குப் பிறகு சண்டை வந்தால், “இனிமே உங்ககிட்ட பேச ஒண்ணுமில்ல, முற்றுப்புள்ளி!” என்று சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குள் போய்விடுவார். பத்து நிமிடத்தில் அங்கிருந்தே, “அடுத்த பத்தி” என்று குரல் வரும்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அவர் இறந்துபோனார். குழந்தைகள் இல்லை. நாலு வருடம் கழித்து நாளிதழ், கணினி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிப் பிழை திருத்தும் பிரிவையே மூடிவிட்டது.

ஒற்றரின் கண்ணுக்குத் தீனி இல்லாமல் போயிற்று. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் திருத்தினார். குடியிருப்போர் சங்கத்தின் தண்ணீர் அறிவிப்பைச் சிவப்பு மையில் திருத்திப் பலகையிலேயே திரும்பக் குத்தினார். “இனிமே நீங்களே எழுதுங்க சார், நான் தண்ணியை மட்டும் பார்த்துக்கறேன்” என்றார் சங்கச் செயலாளர். கடைசியில் நூலகத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். பழைய நாளிதழ்களின் நகல் கட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி சிக்கியது.

எண்பத்தாறு வருடத்துக்கு முந்தைய செய்தி. ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றில், பனி இறங்கிய ஒரு மாலை, அக்கரைக்குப் போன நீராவிப் படகு கவிழ்ந்துவிட்டது. கரையிலிருந்து சின்னப் படகுகள் போய் நாற்பது பேரைக் காப்பாற்றின. ‘இருபத்து மூவர் பலி’ என்று தலைப்பு. கீழே இறந்தவர்களின் பட்டியல். பெயர்கள் இல்லை, ஏழைகளின் பெயரை விசாரிக்கும் பழக்கம் அந்தக் காலத்து நாளிதழுக்கு இருக்கவில்லை போலும். தச்சர், சலவைக்காரர், பள்ளி ஆசிரியர், காய்கறிக்காரி என்று தொழிலை மட்டும் போட்டு, நடுவில் காற்புள்ளி வைத்து ஒரே பத்தியாக அடித்திருந்தார்கள்.

வேறு யாராவது என்றால் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். ஒற்றர் எண்ணினார். இருபத்திரண்டுதான் வந்தது. மறுபடி எண்ணினார். இருபத்திரண்டு. அடுத்தடுத்த நாள் செய்திகளைத் தேடினார். நகராட்சி இருபத்து மூன்று என்றது. காவல் துறையும் இருபத்து மூன்று என்றது. பட்டியலில் மட்டும் ஒரு தலை குறைந்தது.

அச்சுக்கோப்பவர் ஒருவரை விழுங்கிவிட்டார் என்று ஒற்றர் முடிவு கட்டினார். விட்டுப்போனதைச் சேர்ப்பது முப்பத்தைந்து வருடப் பழக்கம். சேர்க்க உட்கார்ந்தவர் இரண்டு வருடம் கழித்து ஒரு நாவலோடு எழுந்தார்.

எழுதும்போது தனக்கென்று ஒரு சட்டம் போட்டிருந்தார். பதிவில் இருப்பதைத் தொடக் கூடாது. பனி எத்தனை மணிக்கு இறங்கியது, படகு எவ்வளவு தாமதம், கரையில் எத்தனை வண்டிகள் நின்றன, எல்லாம் செய்தியில் இருந்தபடியே இருக்க வேண்டும். பதிவு வாய் மூடுகிற இடத்தில் மட்டும் கற்பனை வாய் திறக்கலாம். அப்படித் திறந்த இடத்தில் பிறந்தவர்தான் இருபத்து மூன்றாவது ஆளான விளக்குக்காரர். படகின் முனையில் விளக்குப் பிடித்து நிற்பவர். நீந்தத் தெரிந்தும் குதிக்காதவர். காப்பாற்ற வரும் சின்னப் படகுகளுக்கு இடம் தெரிய வேண்டும் என்று, விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மூழ்கியவர்.

பட்டியலில் ‘தையல்காரி மகள்’ என்று ஒரு பதிவு இருந்தது. அவளுக்குப் பதினெட்டு வயது கொடுத்தார். நூல்கண்டு வாங்கத் தனியாகப் படகேறினாள் என்று எழுதினார். அவளுடைய அம்மா கரையில் நின்று, பனிக்குள் ஒரு வெளிச்சம் தாழ்ந்து தாழ்ந்து அணைவதைப் பார்ப்பதோடு நாவல் முடியும். அந்தக் கடைசி மூன்று பக்கங்களைப் படித்துவிட்டு பஸ்ஸில் அழுததாக நிறைய பேர் கடிதம் எழுதினார்கள்.

முதல் பதிப்பில் ஒரு பக்க முன்னுரை இருந்தது. ‘விளக்குக்காரர் என் கற்பனை; மற்றவை பதிவில் உள்ளவை.’ இரண்டாம் பதிப்பின்போது பதிப்பாளர் போன் செய்தார்.

“சார், ஒரு பக்கம் துருத்திக்கிட்டு நிக்குது. பதினாறு பதினாறு பக்கமாத்தானே அடிக்க முடியும்? அந்த முன்னுரையைத் தூக்கிட்டா கச்சிதமா உட்கார்ந்துடும்.”

ஒற்றர் புத்தகத்தை எடுத்து அட்டையைப் பார்த்தார். பிறகு, “தூக்கிடுங்க. அட்டையிலதான் நாவல்னு போட்டிருக்கே” என்றார்.

அதன் பிறகு விளக்குக்காரர் புத்தகத்தை விட்டு இறங்கி ஊருக்குள் நடக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் அவரை நாடகமாகப் போட்டார்கள். படகுத்துறையில் சுற்றுலாக்காரர்களுக்கு ஊரைக் காட்டுகிறவர், “இந்த இடத்துலதான் அவர் கடைசியா விளக்கைத் தூக்கினது” என்று தண்ணீரில் ஒரு இடத்தைக் கை நீட்டிக் காட்டினார். நூலகக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, “சார், அவர் நிஜமாவே இருந்தவரா?” என்று கேட்டார்.

“செத்தவங்க இருபத்து மூணு பேர். பட்டியல்ல இருக்கறது இருபத்திரண்டு பேர்” என்றார் ஒற்றர்.

கைதட்டல் எழுந்தது. அந்தப் பதிலில் திருத்துவதற்கு ஒரு பிழையும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பதுக்கு முதல் தடவையாக மணி அடித்தது. வாசலில் ஐம்பது தாண்டிய ஒருவர், கையில் நாவலும் ஒரு பல்பு டப்பாவும் வைத்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே, நீங்க எழுதியிருக்கறது எங்க தாத்தாவைப் பத்தி.”

அவர் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவர். இல்லத்துப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரே ஒரு வரிதான் இருந்ததாம்: ‘ஆற்றுப் படகில் வேலை பார்த்த குடும்பம்.’ பிழைக்க அவர் தேடிக்கொண்டது லைட்டுக் கடை.

“எத்தனையோ தொழில் இருக்க எனக்கு ஏண்ணே விளக்கு மேல பைத்தியம்? நாலு வயசுலயே வார்டன் டார்ச்சைக் கழட்டி அடி வாங்கியிருக்கேன். ரத்தம்ணே, ரத்தம்! உங்க புக்கைப் படிச்சப்பதான் புரிஞ்சுது.”

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒற்றர் வாயைத் திறந்தார். “டீ சாப்பிடறீங்களா?” என்று வந்தது. அந்த வீட்டில் இரண்டு டம்ளர் எடுத்துப் பல வருடமாகியிருந்தது. கிளம்பும்போது, “உங்க கடைப் பலகையை பஸ்லேருந்து பார்த்திருக்கேன். ‘மின்விளக்கு கடை’ன்னு இருக்கு. நடுவுல ஒரு க் வரணும்” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு லைட்டுக்கடைக்காரர் செல்போனில் ஒரு படம் காட்டினார். இரண்டு சொல்லுக்கும் நடுவே இருந்த சந்தில், மூச்சுப் பிடித்து நுழைந்த மாதிரி ஒரு சின்ன க்.

மூன்று வருடம், ஞாயிறு தவறியதில்லை. அவர் வந்தால் ஒரு பல்பாவது மாற்றாமல் போக மாட்டார். “இந்த மஞ்ச வெளிச்சத்துல படிச்சா கண்ணு அவிஞ்சுடும்ணே” என்று கூடத்தில், கழிவறையில், துணி காயப்போடும் சின்ன பால்கனியில்கூட புது விளக்கு மாட்டினார். ஒரு ஆள் மட்டும் இருக்கிற வீட்டில் நாலு பேருக்கான வெளிச்சம் இருந்தது.

இந்த நிலைமையில்தான் நகராட்சியிலிருந்து அந்தத் தாள் வந்தது. படகு விபத்தில் இறந்தவர்களுக்குத் துறையில் ஒரு நினைவுக் கல் வைக்கப்போகிறார்கள். இருபத்து மூன்று வரி. கல்லுக்கு மேலே ஒரு விளக்குக் கம்பம். அதை லைட்டுக்கடைக்காரர் தன் தாத்தா நினைவாகத் தருகிறார். பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் அதிகாரி போனில் கேட்டார்.

“சார், கல்லுல வெட்டிட்டா அப்புறம் அழிக்க முடியாது பாருங்க. நீங்க ஒரு பார்வை பார்த்து, கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்களேன். உங்களை விட்டா யாரு இருக்கா?”

நல்ல கேள்வி. ஒற்றருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சிவப்புப் பேனாவுக்குப் புது மை போட்டார். பட்டியல் ஒழுங்காக இருந்தது. ஒன்பதாவது வரி: தையல்காரி மகள். இருபத்து மூன்றாவது வரி: விளக்குக்காரர். கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தவருக்கு மனைவியின் குரல் கேட்ட மாதிரி இருந்தது. கேட்டது பேய்க் குரல் ஒன்றும் இல்லை, அலுவலகத்தில் தினமும் கேட்கும் கண்டிப்பான குரல்தான். “மூலத்தோட ஒத்துப் பார்த்தாச்சா?”

பார்க்கவில்லை. இத்தனை நாளும் பார்த்ததெல்லாம் நகல். கல்லில் வெட்டப்போவதற்கு நகலை நம்பக் கூடாது.

செவ்வாய்க்கிழமை நூலகத்தில் மூலத் தொகுப்பைக் கேட்டு வாங்கினார். தொட்டால் பொடிந்துவிடும் பழுப்புத் தாள். நூலகர் கையுறை கொடுத்து ஜன்னலோரம் உட்காரவைத்தார். படித்துச் சொல்ல ஆள் இல்லாததால் தானே படித்தார், வாய்க்குள், குறிகளோடு. பள்ளி ஆசிரியர் காற்புள்ளி. காய்கறிக்காரி காற்புள்ளி. தையல்காரி…

பக்கவாட்டில் விழுந்த வெயிலில் தாளில் ஏதோ நிழலாடியது. குனிந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி குனிந்தார்.

அந்தக் காலத்து அச்சு, ஈய எழுத்தைத் தாளில் வைத்து அழுத்துகிற அச்சு. மை பிடிக்காவிட்டாலும் எழுத்து விழுந்த இடத்தில் பள்ளம் விழும். தையல்காரிக்கும் மகளுக்கும் நடுவே, மை இல்லாமல், ஊசிமுனை அகலத்துக்கு வால் வளைந்த ஒரு பள்ளம் இருந்தது. நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பள்ளம் தெரியாது.

தையல்காரி காற்புள்ளி மகள்.

எண்ணத் தேவையே இல்லை. ஆனாலும் எண்ணினார். இருபத்து மூன்று.

ஊரிலேயே காற்புள்ளிக்குப் பேர்போன மனிதர் ஒரு காற்புள்ளியைத் தவறவிட்டிருந்தார். வேறு என்ன தவறியிருக்கிறதோ என்று தொகுப்பை மெல்லப் புரட்டிக்கொண்டிருந்தார். நாலு நாள் தள்ளி, விளம்பரப் பக்கத்தின் மூலையில் இரண்டு வரி கிடந்தது. செய்திப் பக்கங்களை மட்டுமே நகல் எடுத்து வைத்திருந்ததால் அவர் இதுவரை பார்க்காத பக்கம். ‘படகில் மகளோடு மாண்ட தையல்காரியிடம் துணி கொடுத்தவர்கள், அடையாளம் சொல்லி வீட்டுச் சொந்தக்காரரிடம் பெற்றுக்கொள்ளவும். மகளின் அரைகுறையாய்த் தைத்த பள்ளிச் சீருடையும் உள்ளது.’

பள்ளிச் சீருடை. அவர் கொடுத்த பதினெட்டு வயது அந்தக் குழந்தைக்கு வாய்க்கவே இல்லை. தண்ணீருக்குள் போன அம்மாவைக் கரையில் நிறுத்தி, அவள் கண்ணாலேயே வெளிச்சம் அணைவதைப் பார்க்கவைத்து, ஊரை அழவைத்திருந்தார். காலி இடம் என்று நினைத்து அவர் ஆள் குடிவைத்த இடத்தில் ஏற்கெனவே ஒருத்தி கிடந்தாள்.

புதன்கிழமை அக்கா போன் செய்தபோது எல்லாவற்றையும் சொன்னார்.

“சரிடா தம்பி, அதுக்கென்ன? இன்னொரு வரி சேர்த்துக்கச் சொல்லு. இருபத்து நாலுன்னு போட்டா குடியா முழுகிடும்?”

“படகே முழுகிடுச்சுக்கா.”

“விளையாடாதே. அந்த லைட்டுக்காரர் ஒருத்தர்தான் உன் வீட்டுப் படி ஏறுறார். அவர்கிட்ட போய் உங்க தாத்தாவே கிடையாதுன்னு சொல்லப்போறியா?”

“தாத்தா இருந்திருப்பாருக்கா. இவர் அவர் இல்ல.”

“நல்லா வியாக்கியானம் பண்ணு. அப்புறம் ஞாயித்துக்கிழமை கதவைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திரு. நான் நாலு மணி நேரம் ரயிலேறி வந்து டீ குடிக்க முடியாது, சொல்லிட்டேன்.”

வியாழக்கிழமை காலை, கடை திறக்கிற நேரத்துக்கு ஒற்றர் போனார். பகலிலும் எரிந்துகொண்டிருக்கும் நூறு விளக்குகளுக்கு நடுவே நின்று லைட்டுக்கடைக்காரர் சரவிளக்கு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே! நீங்களா? இன்னைக்கு ஞாயிறா என்ன, எனக்குத்தான் கிழமை மறந்துபோச்சா? உக்காருங்க உக்காருங்க. கம்பத்துக்கு டிசைன் வந்திருக்கு, பாருங்க.”

“தம்பி, விளக்குக்காரர்னு ஒருத்தர் கிடையாது.”

“எங்க கிடையாது? கல்லுலயா? விட்டுட்டாங்களா? இருங்க, அந்தப் பூங்கா மேடத்துக்கு ஒரு போன் போடறேன்.”

“எங்கயுமே கிடையாது. நானா எழுதினது.”

லைட்டுக்கடைக்காரர் சிரித்தார். “பேச்சு, நடை, அதெல்லாம் நீங்க எழுதினதுதான். அது தெரியாதா எனக்கு? ஆளு?”

“ஆளும்தான்.”

ஒற்றர் நூலகத்தில் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினார். பள்ளத்தைக் காட்டினார். விளம்பரத்தைப் படித்தார். லைட்டுக்கடைக்காரர் துடைக்கும் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“மூணு வருஷம் டீ போட்டுக் குடுத்தீங்களே அண்ணே. ஒரு நாள்கூட இதைச் சொல்ல வாய் வரலையா?”

“வரல.”

“ஏன்?”

“சொன்னா நீங்க வர மாட்டீங்க.”

“இப்ப மட்டும் வந்துடுவேனா?”

ஒற்றர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டார். தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

“ஒரு கமாவுக்காக!” என்றார் லைட்டுக்கடைக்காரர். “யாருண்ணே பார்க்கப்போறா அதை? அந்த அம்மாவைக் கேட்டு இத்தனை வருஷத்துல யாராவது வந்தாங்களா? நான் வந்தேன். எங்க தாத்தாவைக் கேட்டு நான் வந்தேன். வந்தவனுக்கு ஒண்ணும் கிடையாது, வராதவங்களுக்குக் கல்லா?”

“அவங்க செத்தது நிஜம் தம்பி.”

“நான் உயிரோட நிக்கறேனே, அது?” துணியை மேசையில் எறிந்தார். “போங்கண்ணே. கடையை விட்டு இறங்குங்க. மொதல் போணி நேரம்.”

ஒற்றர் அங்கிருந்து நேராக நகராட்சிக்குப் போனார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்து, இருபத்து மூன்றாவது வரியைக் குறுக்கே அடித்து ஓரத்தில் நீக்கல் குறி போட்டார். ஒன்பதாவது வரியில் ஒரு காற்புள்ளி சேர்த்து, இரண்டு வரியாகப் பிரித்தார். பார்த்தால் மிகச் சின்னத் திருத்தம். ஒரு நாளில் இது மாதிரி இருநூறு போட்டவர்.

“சார், விளக்குக்காரரையே அடிச்சுட்டீங்களே! ஊரே அவரைப் பார்க்கத்தான் வரப்போகுது” என்றார் பூங்கா அதிகாரி. ஒற்றர் மறுபடி படத்தை எடுத்தார். அதிகாரி அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். சின்ன வயது, மேசையில் அவர் மகளோ அண்ணன் மகளோ கிரேயானில் வரைந்த ஒரு பூ ஒட்டியிருந்தது. விளம்பரத்தைப் படித்து முடித்ததும், “சரி சார்” என்று தாளை வாங்கிக்கொண்டார். “கம்பம் குடுக்கறவருக்கு நான் என்ன சொல்றது?”

“நான் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“கடையை விட்டு இறங்கச் சொன்னார்.”

பதிப்பாளருக்கும் போன் போனது. அடுத்த பதிப்பில் முன்னுரை திரும்ப வர வேண்டும், அதில் தையல்காரியைப் பற்றிய உண்மையும் இருக்க வேண்டும். “ஒரு பக்கத்துக்காகப் பதினஞ்சு பக்கம் வெத்தா நிக்கும் சார்” என்று பதிப்பாளர் அலறினார். “நிக்கட்டும்” என்றார் ஒற்றர்.

அந்த ஞாயிறு ஒன்பது மணிக்கு மணி அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. ஒரு தடவை அடித்தது. ஓடிப் போய்த் திறந்தார். இரண்டாம் மாடி என்று நினைத்து வந்த கூரியர்காரர். கூடத்து விளக்கு ஒன்று கண் சிமிட்ட ஆரம்பித்து, சிமிட்டிச் சிமிட்டி அணைந்தது. மாற்று பல்பு அலமாரியில் ஒரு டஜன் இருந்தது. அவர் மாட்டவில்லை.

ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது கடைப் பலகையைப் பார்த்தார். க் இல்லை. உளி வைத்துச் சுரண்டியிருந்தார்கள். எழுத்து போயிருந்தது, அது இருந்த வெள்ளைத் தழும்பு போகவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ பேர் அவரைத் திட்டியிருக்கிறார்கள். இவ்வளவு குறி பார்த்து யாரும் அடித்ததில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டு நடந்தே திரும்பினார்.

கல் திறப்பு விழாவுக்கு முப்பது பேர் வந்தார்கள். கம்பம் நின்றது, தலையில் விளக்கு இல்லாமல் மொட்டையாக நின்றது. ஒற்றரைப் பேசச் சொன்னார்கள். விளக்குக்காரர் தன் கற்பனை என்பதை ஒலிபெருக்கியில் சொன்னார். முன்வரிசையில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம், “எவ்வளவு அடக்கம் பார்த்தீங்களா!” என்றார். மறுநாள் அவருடைய பழைய நாளிதழிலேயே செய்தி வந்திருந்தது: ‘விளக்குக்காரர் நினைவு கல் திறப்பு’. நினைவுக்குப் பின்னால் க் இல்லை. ஆனால் அவர் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை.

அதற்கும் மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு, எட்டரைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. கால் துறைக்குத்தான் போயிற்று. படகுகள் நின்றுபோய் ரொம்ப காலம் ஆகிவிட்டது, இப்போது நடைப்பயிற்சிக்காரர்கள்தான். கல்லுக்குப் பக்கத்தில், கம்பத்தில் சாய்த்த ஏணி மேல், முதுகைக் காட்டியபடி லைட்டுக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். வாயில் இரண்டு திருகாணி. கையில் விளக்கு.

ஏணியின் ஒரு கால் மேடு பள்ளத்தில் ஆடியது. ஒற்றர் போய்ப் பிடித்துக்கொண்டார். மேலே இருந்தவர் குனிந்து பார்த்தார். வாயில் திருகாணி இருந்ததால் பேச முடியவில்லை. அல்லது அது வசதியாக இருந்தது. ஒன்றை முடுக்கினார். இரண்டாவதையும் முடுக்கினார். வாய் காலியானது.

“நகராட்சியில எழுதிக் குடுத்துட்டேன். குடுத்த வாக்கு. அதுக்குத்தான் மாட்டறேன்” என்றார், விளக்கைப் பார்த்தபடி.

“சரி.”

“வேற ஒண்ணுமில்ல.”

“சரி தம்பி.”

“எனக்கு இங்கேருந்து எழுத்து தெரியல. படிங்க, என்ன போட்டிருக்காங்கன்னு.”

ஒற்றர் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டே படித்தார். அந்த வேலை தெரிந்தவர் படிப்பது போலத்தான் அவருக்குப் படிக்க வரும். கல்லில் வரி பிரிந்த இடத்திலெல்லாம் குறி சொன்னார். தச்சர் காற்புள்ளி. சலவைக்காரர் காற்புள்ளி. பள்ளி ஆசிரியர் காற்புள்ளி. ஒன்பதாவதற்கு வந்தபோது கொஞ்சம் மூச்சு வாங்கியது. தையல்காரி காற்புள்ளி. மகள் காற்புள்ளி. இருபத்து மூன்று வரை போய் முற்றுப்புள்ளியில் நிறுத்தினார்.

லைட்டுக்கடைக்காரர் இறங்கினார். கையைத் துணியில் துடைத்தார். கல்லின் ஒன்பதாவது வரியையும் பத்தாவது வரியையும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“அந்த அம்மாவைக் கேட்டு யாராவது வந்தாங்களா?”

“வரல.”

“விழாவுக்குக்கூடவா?”

“யாரும் வரல.”

“ம்.”

ஏணியை மடக்கித் தோளில் ஏற்றிக்கொண்டார். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. சாலை வரைக்கும் ஏணியின் பின்முனை மேலும் கீழும் ஆடியபடி போவது தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் கம்பத்து விளக்கு எரிகிறதா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஒற்றர் அதன் அடியில் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மணி ஒன்பதைத் தாண்டிவிட்டதைப் பார்த்து வீட்டுக்கு நடந்தார்.